ஒரே பாறை, மூன்று நிலம்: மகாபலேசுவர் முதல் சோலாப்பூர் வரை மழையும் மண்ணும் செய்யும் வேலை

நம் சங்கத்துக் குடும்பங்களில் மகாபலேசுவர் போகாதவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்தாலும் சரி, கோடை விடுமுறைக்குத் தம்பி குடும்பம் வந்தாலும் சரி, முதலில் நாம் அழைத்துப் போவது அங்கேதான். வாய் கணபதிக்கு ஒரு கும்பிடு, பசர்ணி காட் ஏற்றம், பஞ்ச்கனியில் ஒரு நிறுத்தம், பிறகு மகாபலேசுவரில் ஸ்ட்ராபெர்ரி. இந்தப் பாதையில் ஜன்னலுக்கு வெளியே நடப்பது உலகத்தின் பெரிய நில அதிசயங்களில் ஒன்று என்று சொன்னால், "அப்படி என்ன சார் இருக்கு, மலைதானே?" என்று கேட்கிறார்கள். அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவன். வேதியியல் படித்து, மண் பரிசோதனை வேலையில் சேர்ந்து, பூனாவுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்க்கும் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. ஆகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

32 கிலோமீட்டரில் மாறும் உலகம்

முதலில் மழைக் கணக்கு. மகாபலேசுவரில் ஆண்டுக்குச் சராசரியாக 5,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னையின் ஆண்டு மழை 1,400 மில்லிமீட்டர் அளவு. அதைப் போல நான்கு மடங்கு. அங்கிருந்து கிழக்கே 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பஞ்ச்கனிக்கு வந்தால் மழை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இன்னும் 12 கிலோமீட்டர் இறங்கி வாய்க்கு வந்தால் ஆயிரத்துக்கும் கீழே. பூனாவில் 700 சொச்சம். அதையும் தாண்டிப் பாராமதிப் பக்கம் போனால் 500 மில்லிமீட்டர் அளவுதான்; சில வருடம் அதுவும் கிடையாது.

ஏன் இப்படி? அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று கொங்கண் சமவெளியைக் கடந்து சஹ்யாத்ரி மலைச் சுவரில் மோதுகிறது. சுவர் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஏற ஏறக் குளிர்கிறது, குளிர்ந்த காற்றால் அத்தனை ஈரத்தைத் தாங்க முடியாது, கொட்டிவிடுகிறது. உச்சியைத் தாண்டியதும் அதே காற்று கிழக்குச் சரிவில் இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகிறது, மேகம் கலைகிறது. ஆக, மலையின் முதுகுப் பக்கம் மழை மறைவு. நம் ஊரில் இதற்கு நேர் உதாரணம் உண்டு. கேரளப் பக்கம் கொட்டுகிற அதே தென்மேற்கு மழைதான், மலையைத் தாண்டி உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கம் வரும்போது வெறும் காற்றாக வந்து காற்றாலையைச் சுற்றுகிறது.

போன வருடம் அண்ணன் மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். வாயில் வெயிலில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். ஒன்றரை மணி நேரத்தில் மகாபலேசுவரில் எதிரே வரும் வண்டி தெரியாத அளவு மழை. "என்ன சித்தப்பா, ஒரே ஜில்லாவுக்குள்ள இப்படியா?" என்றான். ஆம், இரண்டு ஊரும் சாத்தாரா மாவட்டம்தான்.

முதற்பொருளும் கருப்பொருளும்

தமிழர்களுக்கு இந்த விஷயத்தைச் சொல்வது சுலபம். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்த நிலத்தில் வாழும் மரம், புள், விலங்கு, மக்கள் செய்யும் தொழில் எல்லாம் கருப்பொருள். அதாவது நிலமும் பொழுதும் முதல். மற்றவை அவற்றிலிருந்து பிறப்பவை.

மேல்நாட்டில் இதே எண்ணம் விஞ்ஞானமாக உருவானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ரஷ்யாவின் கருமண்ணை ஆராய்ந்து 1883இல் நூல் எழுதிய டொகுசாயேவ், மண் என்பது பாறையின் தூள் மட்டும் அல்ல, தட்பவெப்பமும் உயிர்களும் சேர்ந்து உருவாக்கும் தனிப்பொருள் என்று நிலைநாட்டினார். 1941இல் ஹான்ஸ் ஜென்னி என்ற அறிஞர் மண்ணை உருவாக்கும் காரணிகள் ஐந்து என்று வகுத்தார்: தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் மேடுபள்ளம், தாய்ப்பாறை, காலம். இன்றும் மண்ணியல் மாணவர்கள் படிக்கும் முதல் பாடம் அதுதான்.

இந்த ஐந்தில் தாய்ப்பாறையை மாற்றாமல் தட்பவெப்பத்தையும் மேடுபள்ளத்தையும் மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? இப்படி ஒரு பரிசோதனையை ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியாது. மகாராஷ்டிரத்தில் இயற்கையே செய்து வைத்திருக்கிறது.

செம்புறைக்கல்லும் கரிசலும்

ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கே பூமி பிளந்து எரிமலைக் குழம்பு அலை அலையாக வழிந்து உறைந்தது. அந்தக் கருங்கல்தான் பசால்ட். இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடிக்கொண்டிருக்கிறது. லோனாவ்ளா காட்டில் ரயிலில் போகும்போது மலைச்சரிவு படிப்படியாகத் தெரிகிறதே, ஒவ்வொரு படியும் ஒரு குழம்பு அடுக்கு. மகாபலேசுவரின் அடியிலும் அதே கல், சோலாப்பூரின் அடியிலும் அதே கல்.

ஆனால் மேலே இருக்கும் மண் வேறு. மகாபலேசுவர், பஞ்ச்கனி மலைகளின் தலையில் சிவந்த, துளை துளையான கல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும். மராத்தியில் ஜாம்பா தகட் என்பார்கள். மலையாளிகளின் வெட்டுக்கல், நம் செம்புறைக்கல் எல்லாம் அதுதான். 1807இல் புக்கானன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கேரளத்தின் அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லை வெட்டி வீடு கட்டுவதைப் பற்றி எழுதி, லத்தீனில் செங்கல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார்.

இது எப்படி உண்டாகிறது? பசால்ட்டில் சுண்ணாம்பு, மக்னீசியம், சோடியம், சிலிக்கா, இரும்பு, அலுமினியம் எல்லாம் உண்டு. வெப்பமும் பெருமழையும் நீண்ட காலம் தொடர்ந்தால், கரையக்கூடியவை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டு போய்விடும். முதலில் சுண்ணாம்பும் சோடியமும், பிறகு மெல்ல மெல்ல சிலிக்கா. கடைசியில் மிஞ்சுவது கரையாத இரும்பும் அலுமினியமும். இரும்பு துருப்பிடித்துச் சிவக்கிறது. கோலாப்பூர் மாவட்டத்து மேட்டுநிலங்களில் பாக்சைட் தோண்டுவதும் இதனால்தான். அது அலுமினியம் மிஞ்சிய லேட்டரைட். மகாபலேசுவர், பஞ்ச்கனித் தொப்பிகள் மிகப் பழையவை. இன்றைய மழையில் மட்டும் உருவானவை அல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய ஈரமான காலத்தின் சாட்சி. தட்பவெப்பம் மாறிய பிறகும் மண் பழைய கணக்கை வைத்துக்கொண்டிருக்கிறது.

மழை குறைந்த கிழக்கில் கதை தலைகீழ். அங்கே சுண்ணாம்பும் மக்னீசியமும் முழுக்கக் கழுவப்படுவதில்லை. மேட்டிலிருந்து அடித்து வருவதும் பள்ளத்தில் தங்குகிறது. இவையும் சிலிக்காவும் சேர்ந்து ஒரு விசேஷமான களியை உண்டாக்குகின்றன. தண்ணீர் பட்டால் ஊதும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். நம் கரிசலேதான்! மராத்தியில் காளி மாதி. தோண்டினால் சுக்கான் கல் உருண்டைகள் கிடைக்கும். கழுவப்படாத சுண்ணாம்புக்கு அவை அத்தாட்சி.

இங்கே ஒரு விசேஷம் கவனியுங்கள். எங்கள் கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக் கரிசலின் அடியில் எரிமலைக் கல் கிடையாது. பெரும்பாலும் பழைய நைஸ் பாறை. பாறை வேறு, மண் கிட்டத்தட்ட அதே. காரணம், குறைந்த மழை, நீண்ட வெயில், சமமான நிலம், வடியாத தண்ணீர். ஒரே பாறையிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு மண். வெவ்வேறு பாறையிலிருந்து ஒரே கரிசல். தாய்ப்பாறைக்குப் பங்கு உண்டு, ஆனால் கடைசி வார்த்தை மழையுடையது.

எவ்வளவு மழை என்பதல்ல, எத்தனை மாதம் என்பதே

இப்போது மகாபலேசுவர்க் காட்டுக்குள் போவோம். 5,500 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் வானத்தைத் தொடும் மரங்கள் இருக்க வேண்டும் அல்லவா? வால்பாறை, களக்காடு, குற்றால மலைக் காடுகளைப் பார்த்தவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள். பசுமைமாறாக் காடுதான், ஆனால் குட்டை. பல இடங்களில் இரண்டு மாடி உயரம்தான் இருக்கும். நாவல் மரமும், மராத்தியில் அஞ்சனி எனப்படும் மரமும்தான் அதிகம். அஞ்சனி வேறு யாருமில்லை, நம் காயா. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அந்த நீலப்பூ. கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும்போது ஒரு முறை பாருங்கள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

காடு ஏன் குட்டை? இங்கே பெய்யும் மழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிறகு ஏழெட்டு மாதம் உலர்காலம். தெற்கே அகத்தியமலை, ஆனைமலைப் பக்கம் மொத்த மழை இதைவிடக் குறைவாக இருக்கும் இடங்களிலும் உயர்ந்த காடு நிற்கிறது. ஏனென்றால் அங்கே தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் நனைக்கின்றன. கோடை மழையும் உண்டு. உலர்காலம் இரண்டு மூன்று மாதம்தான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பாஸ்கல் 1982இல் மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதற்கும் இந்தக் கணக்கைப் போட்டு வரைபடமாகவே வெளியிட்டார். தெற்கிலிருந்து வடக்கே வர வர உலர்மாதங்கள் கூடுகின்றன என்பதுதான் அதன் சாரம்.

சம்பளக்காரருக்கு இது புரியும். வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாகப் பன்னிரண்டு லட்சம் கொடுப்பதும், மாதா மாதம் ஒரு லட்சம் கொடுப்பதும் குடும்பம் நடத்துவதில் ஒன்றா? மொத்தமாக வருவதைச் சேமித்து வைக்கப் பெட்டி வேண்டும். மரத்துக்கு அந்தப் பெட்டி மண். மகாபலேசுவரில் பல இடங்களில் மண் கனம் குறைவு; அடியில் கல். பெட்டி சிறிது, ஆகவே மரமும் சிறிது.

அந்தக் காட்டின் உள்வேலையையும் சொல்ல வேண்டும். கழுவப்பட்ட மண்ணில் சத்து மிகக் குறைவு. அப்படியும் காடு செழிப்பது எப்படி? சத்து மண்ணில் இல்லை, மரத்தில் இருக்கிறது. விழும் இலையை ஈரத்தில் பூஞ்சையும் கறையானும் புழுவும் சீக்கிரம் மட்கச் செய்ய, மேலாக ஓடும் வேர்கள் அதை உடனே எடுத்துக்கொள்கின்றன. கையிருப்பு இல்லாமல் ரொட்டேஷனிலேயே நடக்கும் வியாபாரம் மாதிரி. காட்டை வெட்டினால் அந்தச் சுழற்சி அறுந்துபோகும். இரண்டு மூன்று பருவமழையில் மிச்சமும் அடித்துக்கொண்டு போய்விடும். வெட்டின இடத்தில் திரும்பவும் அதே காடு வராததற்குக் காரணம் இதுதான். மராத்தியர்கள் தேவராய் என்று தெய்வத்தின் பெயரால் காத்த கோயில் காடுகளை மாதவ் காட்கிலும் வர்த்தக்கும் 1970களில் ஆராய்ந்து எழுதினார்கள். சுற்றிலும் மொட்டையாகிவிட்ட மலைகளில் பழைய காடு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இன்று அவைதான் கதி. நம் ஊரில் ஐயனார் கோயில் காடு இருப்பது போல.

காஸ்: மரம் வேண்டாத நிலம்

சாத்தாராவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் காஸ் பீடபூமி. 1,200 மீட்டர் உயரம். ஆகஸ்டு கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை பூப் பார்க்கப் போகிற கூட்டம் உங்களுக்குத் தெரியும். 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தபோது காஸும் அதில் ஒன்று.

இவ்வளவு மழை பெய்யும் இடத்தில் பீடபூமியின் மேல் மரம் ஏன் இல்லை? குச்சியை ஊன்றிப் பாருங்கள், 'டக்'கென்று கல்லில் முட்டும். செம்புறைக்கல் பாறையின் மேல் பல இடங்களில் சில அங்குல மண்தான். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிச் சதுப்பாகிறது. கோடையில் அதே இடம் தோசைக்கல். நான்கு மாதம் மூழ்கி, மீதி மாதம் வறுபட எந்த மரத்தாலும் ஆகாது. ஆகவே ஜூன் மழைக்கு முளைத்து, அக்டோபருக்குள் பூத்துக் காய்த்து விதையையோ கிழங்கையோ விட்டுவிட்டு மறையும் சிறு செடிகள்தான் அங்கே அரசாட்சி.

இன்னொரு வேடிக்கை. அங்கே யூட்ரிகுலேரியா என்ற சின்ன நீலப் பூ விரிப்பாகப் பூக்கும். மராத்தியில் அழகாக 'சீதேச்சி ஆஸவே' என்பார்கள், சீதையின் கண்ணீர் என்று பொருள். பார்க்கத்தான் கண்ணீர், உண்மையில் அது அசைவம்! ஈர மண்ணுக்குள் நுண்ணிய பைகளை வைத்துக்கொண்டு, தொட்ட சிறு உயிர்களை உறிஞ்சிச் செரித்துவிடும். ட்ரோசீரா என்ற இன்னொரு செடி பசைத்துளியால் பூச்சியைப் பிடிக்கும். கழுவித் துடைத்த மண்ணில் நைட்ரஜனும் பாஸ்பரசும் இல்லை. ஆகவே செடி பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்ணின் வறுமை இலையின் வடிவத்தையே மாற்றிவிட்டது.

இப்போது யோசியுங்கள். "இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே" என்று நல்லெண்ணத்தோடு அங்கே மண் கொட்டி உரம் போட்டு மரம் வைத்தால் என்ன மிஞ்சும்? வறுமையில் வாழப் பழகிய செடிகளுக்குச் செல்வம்தான் விஷம்.

கிழக்கே புல்வெளி

பூனாவைத் தாண்டிச் சாஸ்வட், பாராமதி, சோலாப்பூர் என்று கிழக்கே போவோம். பள்ளங்களில் ஆழமான கரிசல்; மேடுகளில் மராத்தியர்கள் முரூம் என்று சொல்லும் சரளை, அதன் மேல் ஒரு சாண், இரண்டு சாண் மண். மேட்டில் புல், இடையிடையே வெள்வேல், கருங்காலி போன்ற முள்மரங்கள். கரிசலில் கருவேலம். கோவில்பட்டியிலும் கருவேலம், சோலாப்பூரிலும் கருவேலம். மண் ஒன்று என்றால் மரமும் ஒன்று. காயும்போது வெடிக்கிற கரிசல் பல மரங்களின் வேரை அறுத்துவிடும், தாங்குவது சிலதான்.

500 மில்லிமீட்டர் மழைக்கும் ஒரு சாண் மண்ணுக்கும் ஏற்றது புல்தான். முதல் தூறலையே மேலாகப் பரவிய வேர்களால் பிடித்துக்கொள்ளும். கார்த்திகைக்குள் மேலே காய்ந்துவிடும். அடிக்கட்டையும் வேரும் உயிரோடு அடுத்த ஆனி வரை காத்திருக்கும். காட்டில் கரிமம் அடிமரத்தில் சேருகிறது என்றால், புல்வெளியில் பெரும்பகுதி மண்ணுக்கடியில் வேரில் சேருகிறது. தீயோ மாடோ மேலே இருப்பதை எடுத்துக்கொண்டாலும் கீழே இருப்பது பத்திரம்.

உலர்ந்த நிலத்தில் காய்ந்த புல் லேசில் மட்காது, ஈரம் வேண்டுமே. மழைக்காட்டில் பூஞ்சை செய்யும் வேலையை இங்கே மேயும் விலங்கின் வயிறு செய்கிறது. இரலை மானும், சிங்காரா மானும், தனகர் எனப்படும் இடையர்களின் ஆடுகளும் புல்லைத் தின்று சாணமாகத் திருப்பித் தருகின்றன. தனகர்கள் அறுவடை முடிந்த வயலில் மந்தையை இரவில் நிறுத்துவார்கள். எங்கள் பக்கம் கிடை போடுவது என்போம், அதே வழக்கம். ஆட்டை நம்பி ஓநாயும் அங்கே உண்டு. பூனாவிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஓநாய் வாழ்கிறது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சோலாப்பூருக்குப் பக்கத்தில் நானஜ் என்ற ஊரை மையமாக வைத்து 1979இல் கானமயிலுக்காக ஒரு சரணாலயம் ஏற்படுத்தினார்கள். ஒரு மீட்டர் உயரம், நல்ல கனம், திறந்த புல்வெளியைத் தவிர வேறெங்கும் வாழத் தெரியாத பறவை. இன்று நாடு முழுவதும் சேர்த்தே 150 அளவில்தான் இருக்கும் என்கிறார்கள், பெரும்பாலும் ராஜஸ்தானில். நானஜில் அதைப் பார்ப்பது இப்போது அரிதிலும் அரிது.

"தரிசு" என்ற சொல்

கானமயில் போனதற்கு வேட்டை, பாசனம், மின்கம்பி என்று பல காரணம். அவற்றோடு ஒரு சொல்லும் சேர்ந்துகொண்டது. நம் அரசாங்க வரைபடங்களில் இந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி 'தரிசு' என்ற தலைப்பில் வருகிறது. தரிசு என்று எழுதிவிட்டால் அதைத் "திருத்த" வேண்டும் என்று தோன்றும். ஒன்று தொழிற்பேட்டை, இல்லாவிட்டால் மரம்.

மகாராஷ்டிர அரசு 2016இல் 2 கோடி, 2017இல் 4 கோடி, 2018இல் 13 கோடி, 2019இல் 33 கோடி என்று மரக்கன்று நடும் இயக்கங்களை நடத்தியது. நல்ல எண்ணம்தான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை கோடி என்பதல்ல, எந்த மண்ணில் என்பது. பூனாவின் டேக்டிகளில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் கிளைரிசிடியா மரத்தைப் பார்த்திருப்பீர்கள். மத்திய அமெரிக்காவின் மரம். சீக்கிரம் வளரும், ஆடு மாடு லேசில் தொடாது. அதனாலேயே நிறைய நட்டார்கள். அதன் நிழலில் புல் செத்தது. புல் போனதும் புல்லை நம்பிய பூச்சி, காடை, வானம்பாடி எல்லாம் போயின. பார்வைக்குப் பச்சை, உள்ளே வெறுமை. சீமைக்கருவேலத்தை நம் ராமநாதபுரம் ஜில்லாவில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீலகிரியின் புல்வெளியில் வெள்ளைக்காரன் வாட்டில் மரத்தைக் கொண்டுவந்ததும் இதே கதை. அந்தப் புல்வெளிகள் காட்டை அழித்ததால் வந்தவை என்று சிலர் எண்ணியதுண்டு. நீலகிரிச் சதுப்பு மண்ணை ஆராய்ந்து 1993இல் வெளிவந்த சுகுமார் குழுவினரின் கட்டுரை, இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது என்று காட்டிவிட்டது.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு ஒரு நேரான காரணம் உண்டு. நம் செயற்குழுவில் வரும் ஜூலையில் டேக்டி உச்சியில் 500 மரக்கன்று நடுவது என்று ஒரு யோசனை இருக்கிறது. நான் ஆட்சேபம் சொன்னதும் ஒரு இளைஞர், "என்ன சார், மரம் நடறதுல கூடவா குத்தம்?" என்றார். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: மரம் நடுவோம், கட்டாயம் நடுவோம். ஆனால் நான்கு கேள்வி கேட்டுவிட்டு நடுவோம். மழை எத்தனை மாதம்? மண் எத்தனை அடி? முன்பு அங்கே என்ன இருந்தது? அந்த இடத்தை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்? டேக்டி உச்சியில் ஒரு சாண் மண்ணும் புல்லும் இருந்தால் அதைக் குப்பையும் தீயும் இல்லாமல் காப்பதே தொண்டு. அதே 500 கன்றில் வேம்பு, நாவல், புங்கம், ஆல், அத்தி என்று பள்ளிக்கூடத்திலும் சாலையோரத்திலும் ஓடைக்கரையிலும் மண் ஆழம் பார்த்து நடலாம். அங்கே ஒவ்வொன்றும் பிழைக்கும், பிள்ளைகளுக்கு நிழலும் தரும்.

நம் வீட்டு வாசலில்

பெரிய விஷயம் போதும், வீட்டுக்கு வருவோம். "ஊர்லேர்ந்து கொண்டுவந்த கருவேப்பிலைக் கன்னு இங்கே மஞ்சளா போயிடறதே" என்று நம் சகோதரிகள் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. கரிசலில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மிகுந்த மண் அதைச் செடிக்குக் கிடைக்காமல் பூட்டி வைக்கிறது. கூடவே களி மண்ணில் தண்ணீர் நின்று வேர் மூச்சுத் திணறும். தொட்டியில் பாதிக்கு மேல் செம்மண்ணும் மணலும் மட்கிய எருவும் கலந்து, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டு வைத்துப் பாருங்கள், துளிர்க்கும். கரிசல் மனையில் வீடு கட்டுகிறவர்களும் கவனம்: மண் ஊதிச் சுருங்கும்போது சுவர் விரியும். அஸ்திவாரத்தைப் பற்றி முதலில் மண் பரிசோதகரைக் கேளுங்கள், வாஸ்துவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கிருஷ்ணையின் தண்ணீர்

கடைசியாக ஒன்று. பழைய மகாபலேசுவர்க் கோயிலில் கோமுகத்திலிருந்து விழும் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டிருப்பீர்கள். கிருஷ்ணா நதி அங்கேதான் பிறக்கிறது. நான்கு மாதத்தில் பெய்த மழை ஏப்ரலிலும் சொட்டுகிறதென்றால் யார் சேமித்தது? துளை துளையான செம்புறைக்கல் பஞ்சு போல் உறிஞ்சி, அடியிலுள்ள களிப்படுகை அதைக் கீழே விடாமல் தாங்கி, ஊற்றாக விடுகிறது. மேலே உள்ள குட்டைக் காடு மழையின் வேகத்தைத் தணித்து மண்ணைப் பிடித்து வைக்கிறது.

அந்தக் கிருஷ்ணா கிழக்கே வாய், சாங்க்லி என்று ஓடி, கர்நாடகம், தெலங்கானா, ஆந்திரம் கடந்து போகிறது. 1976இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் தலா 5 டி.எம்.சி. தர ஒப்புக்கொண்டு, தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் வழியாக 1996இல் அந்தத் தண்ணீர் பூண்டி ஏரியை எட்டியது. ஆகவே சென்னையில் உங்கள் அக்கா வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் இந்த மலையின் பங்கும் உண்டு. நாம் பிழைக்க வந்த ஊரின் மண்ணும் பிறந்த ஊரின் குடமும் அவ்வளவு நெருக்கம்.

அடுத்த முறை மகாபலேசுவர் போகும்போது பிள்ளைகளிடம் மூன்று சின்ன டப்பா கொடுங்கள். வாயில் ஒரு பிடி, பஞ்ச்கனிச் சாலையோரத்தில் ஒரு பிடி, மகாபலேசுவரில் ஒரு பிடி மண் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றிப் பிசைந்து பார்க்கட்டும். எது ஒட்டுகிறது, எது உதிர்கிறது, எது தண்ணீரை வைத்துக்கொள்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். செயற்குழுவில் நான் சொல்ல முயன்றது அவர்களுக்கு அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.